எல்லைக்கல் எங்கே? – கேள்வி பதில்

வரப்பின் மேல் நின்று செல்போனில் பார்த்தேன். நீலப்புள்ளி என் சர்வே நம்பருக்குள் 10 அடி தள்ளிக் காட்டுகிறது. அப்படியானால் வரப்புக்கு அந்தப் பக்கமும் 10 அடி என் நிலம்தானே?
– வாசகர், திண்டிவனம்

அந்தப் புள்ளியை நம்பி ஒரு மண்வெட்டி மண்ணைக்கூட வெட்டாதீர்கள். தலைக்கு மேல் வானம் திறந்திருந்தாலும் சாதாரண செல்போனின் ஜி.பி.எஸ். சுமார் 4.9 மீட்டர் வரை தவறலாம். இது அந்த அமைப்பை நடத்தும் அமெரிக்க அரசே சொல்லும் கணக்கு. அதாவது 16 அடி. மரத்தடியிலும் மாடி வீடுகளுக்கு நடுவிலும் பிழை இன்னும் கூடும். 30-க்கு 40 மனையின் நடுவில் நீங்கள் நின்றால், அந்தப் பிழையின் வட்டம் மனையின் அகலத்தையே விழுங்கிவிடும். உங்கள் 10 அடி அந்த வட்டத்துக்குள் அடங்கிப் போகிறது. பக்கத்து வயல்காரரிடம் இன்னும் எதுவும் கேட்கவில்லை என்றால், நல்லது.

தமிழ்நிலம் ஜியோ இன்ஃபோ தளத்தில் சர்வே கோடு என் வீட்டுச் சமையலறையின் குறுக்கே போகிறது. நாலு நாளாகத் தூக்கமில்லை.
– வாசகி, ஒரத்தநாடு

முதலில் தூங்குங்கள் அம்மா. பிறகு அதே திரையில் ஒரு சோதனை செய்து பாருங்கள்.

உங்கள் நம்பரை விட்டுவிட்டுச் சுற்றிலும் உள்ள பத்து நம்பர்களைப் பாருங்கள். ஊர்ச்சாலை, வாய்க்கால், ஏரிக்கரை மூன்றும் கோட்டுக்குள் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா? சாலையின் கோடும் தெற்கே நகர்ந்திருக்கிறது, வாய்க்காலின் கோடும் தெற்கே நகர்ந்திருக்கிறது, உங்கள் கோடும் அதே அளவு தெற்கே நகர்ந்திருக்கிறது என்றால், நகர்ந்தது படம். உங்கள் வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. சாலையும் வாய்க்காலும் அக்கம்பக்கமும் கச்சிதமாகப் பொருந்தி, உங்கள் கோடு மட்டும் விலகியிருந்தால்தான் விசாரிக்க வேண்டிய விஷயம்.

ஏன் இப்படி நகர்கிறது? புலப்படம் என்று நாம் சொல்லும் எஃப்.எம்.பி. ஒவ்வொரு சர்வே நம்பருக்கும் தனித்தனியாக, தரையில் சங்கிலி பிடித்து அளந்து போட்டது. அதில் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கிடையாது. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு எவ்வளவு தூரம் என்பதுதான் அதன் மொழி. அந்தத் தனித்தனித் தாள்களைக் கணினியில் ஏற்றி, ஒன்றோடொன்று சேர்த்து, செயற்கைக்கோள் படத்தின் மேல் விரித்திருக்கிறார்கள். பல கைகள் வெட்டிய துண்டுத் துணிகளை ஒரே விரிப்பாகத் தைத்தால் ஒரு மூலையில் இழுக்கும், இன்னொரு மூலையில் மடங்கும். அதேதான் இங்கும். சில இடங்களில் இரண்டு நம்பர்களுக்கு நடுவே இடைவெளி தெரியும், சில இடங்களில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். அடியில் இருக்கும் செயற்கைக்கோள் படமும் சில மீட்டர் விலகியிருக்கலாம்.

இந்த விலகலைச் சின்னது என்று தள்ளிவிடவும் முடியாது. 100 மீட்டர் நீளமுள்ள ஓரத்தில் கோடு 2 மீட்டர் நகர்ந்தால் 200 சதுர மீட்டர், ஏறக்குறைய 5 சென்ட். 5 சென்டுக்காக அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அறுந்த குடும்பங்கள் எல்லா ஊரிலும் இருக்கின்றன. அதனால்தான் சொல்கிறேன், திரையில் தெரியும் கோட்டை வைத்துக்கொண்டு யாரிடமும் சண்டைக்குப் போகாதீர்கள், யார் சண்டைக்கு வந்தாலும் பயப்படாதீர்கள்.

அப்படியானால் அந்தத் தளமே வீண்தானா?
– கல்லூரி மாணவர், கரூர்

நிச்சயமாக இல்லை. நிலம் வாங்கப் போகிறவர் தரகர் பேச்சைக் கேட்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய இடம் அது. காட்டிய இடமும் பத்திரத்தில் உள்ள நம்பரும் ஒன்றுதானா, வண்டிப்பாதை புறம்போக்கா அல்லது இன்னொருவர் பட்டாவா, மனை நடுவே வாய்க்கால் நம்பர் ஏதும் ஓடுகிறதா என்பதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே தெரியும். எந்த நிலம், யார் பக்கத்தில் என்று கேளுங்கள், நன்றாகச் சொல்லும். எந்த அடியில் எல்லை என்று மட்டும் கேட்காதீர்கள்.

எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் இறக்கிவிட்டேன். ஒன்றும் புரியவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு அளவு வருகிறது.
– வாசகர், அருப்புக்கோட்டை

ஸ்கேலை மேசைக்குள் வையுங்கள். ஜெராக்ஸ் கடையில் தாளுக்குத் தகுந்தபடி படத்தைச் சுருக்கியிருப்பார்கள். தலைப்பில் போட்டிருக்கும் 1:2000 என்ற அளவு அந்தக் கணமே பொய்யாகிவிடும். எழுதியிருக்கும் எண்களைப் படியுங்கள், அவை சுருங்காது.

மூலைகளில் சிறு வட்டமும் எழுத்துகளும் இருக்கும். அவை கற்களின் இடம். ஓரக்கோட்டின் மேல் உள்ள எண், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரம். வயலின் நடுவே குறுக்காக ஓடும் கோடுகள் எல்லை அல்ல. வயலை முக்கோணங்களாகப் பிரித்து அளப்பதற்காகப் போட்ட அளவுக் கோடுகள், சர்வேயர்கள் ஜி லைன் என்பார்கள். அந்தக் கோட்டிலிருந்து வளைவு நெளிவான ஓரத்துக்குச் செங்குத்தாக எடுத்த சிறு அளவுகள் ஆஃப்செட். கோட்டில் இத்தனை மீட்டர் போய், இடப்பக்கம் இத்தனை மீட்டர் திரும்பினால் ஓரத்தின் வளைவு வரும் என்பது அதன் பொருள். சுற்றிலும் படத்துக்கு வெளியே எழுதியிருப்பவை பக்கத்து சர்வே நம்பர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பட்டாவில் 45/2பி1 என்று இருக்கும், படத்தில் 45/2பி என்பதோடு நின்றிருக்கும். உட்பிரிவு செய்த விவரம் படத்தில் இன்னும் ஏறவில்லை என்று பொருள். அப்போது வட்ட அலுவலகத்தில் உட்பிரிவு ஆவணத்தின் நகல் கேட்டு வாங்காமல் அளக்கத் தொடங்கவே கூடாது.

நாலு மூலையில் இரண்டு கல் இருக்கிறது, ஒன்று சந்தேகம், ஒன்றைக் காணோம். சர்வேயர் வரும்வரை நாங்களே தேடலாமா?
– அண்ணன் தம்பிகள், மானாமதுரை

தேடலாம். தேடிப் பழகுங்கள் என்றே சொல்வேன். நம் ஊர்க் கற்களில் பாதி காணாமல் போனவை அல்ல, புதைந்து போனவை. வரப்பை உயர்த்தும்போது, வாய்க்கால் தூர்வாரி மண்ணைக் கரையில் கொட்டும்போது மூடிக்கொள்ளும்.

இருக்கும் இரண்டு கற்களை ஏ, பி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அவற்றுக்கு நடுவே அளந்து பாருங்கள். ஸ்கெட்ச்சில் 71.0 மீட்டர் என்றிருந்து, தரையிலும் 71 மீட்டரை ஒட்டி வந்தால் இரண்டும் தன் இடத்தில் இருக்கின்றன. வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், ஏதோ ஒரு கல் நகர்ந்திருக்கிறது. வந்துவிட்டால் மேலே போகலாம். ஏ-யிலிருந்து காணாத கல்லுக்கு 62.4 மீட்டர், பி-யிலிருந்து 48.2 மீட்டர் என்று ஸ்கெட்ச் சொல்கிறது என்போம். இரண்டு டேப் வேண்டும். அண்ணன் ஏ-யில் 62.4 பிடித்து வளைந்து வரட்டும், தம்பி பி-யில் 48.2 பிடித்து வளைந்து வரட்டும். இரண்டு நுனிகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு குச்சி நடுங்கள். ஏ-பி கோட்டின் இரு பக்கமும் இப்படி ஒரு சந்திப்பு உண்டு, ஸ்கெட்ச் காட்டும் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

குச்சியைச் சுற்றி இரண்டடி வட்டத்தில் கடப்பாரையை மெதுவாக இறக்குங்கள். மண்ணில் இறங்கும் சத்தமும் கல்லில் முட்டும் சத்தமும் வேறு வேறு, ஒரு தடவை கேட்டால் மறக்காது. முட்டினால் கையால் மண்ணைத் தள்ளுங்கள், மண்வெட்டியால் நெம்பாதீர்கள். சாய்ந்திருந்தால் சாய்ந்தபடியே விடுங்கள். சந்தேகத்தில் இருக்கிற அந்த மூன்றாவது கல்லிலிருந்தும் ஒரு அளவு எடுத்துப் பாருங்கள். அது சரியா தவறா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கல் கிடைக்கவில்லை என்றால் குச்சியோடு நில்லுங்கள். நீங்களாக ஒரு கல்லை வாங்கி வந்து நடக்கூடாது. நீங்கள் நட்ட கல்லுக்கு மதிப்பில்லை, அது கிளப்பும் சந்தேகம் மட்டும் பல வருஷம் நிற்கும். ஒன்று விட்டுப் போயிற்று: இதைச் செய்யும் நாளில் பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிட்டு ஒரு டேப்பை அவர் கையில் கொடுங்கள்.

செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தும் எல்லைக்கல் தெரியவில்லையே?
– வாசகர், ஆம்பூர்

தெரியாது. நல்ல தெளிவான படத்திலேயே ஒரு புள்ளி தரையில் ஓரடி, ஒன்றரை அடியைக் காட்டும். கல்லின் தலை அதைவிடச் சிறியது.

பழைய ஸ்கெட்ச்சில் ஒரு ஓரம் 310 என்று இருக்கிறது. 310 மீட்டரும் இல்லை, 310 அடியும் இல்லை.
– வாசகர், சீர்காழி

லிங்க்காக இருக்கும். 100 லிங்க் சேர்ந்தது ஒரு சங்கிலி, 66 அடி. ஒரு லிங்க் 0.66 அடி. உங்கள் 310 லிங்க் 204.6 அடி, சுமார் 62.4 மீட்டர். ஒரு லட்சம் சதுர லிங்க் ஒரு ஏக்கர், ஆயிரம் சதுர லிங்க் ஒரு சென்ட். அந்தக் காலத்தில் பரப்பைப் பார்த்தவுடன் சொன்னது இந்தக் கணக்கின் சௌகரியத்தால்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் டேப்பால் அளந்தால் எப்போதும் ஸ்கெட்ச்சைவிடக் கூடவே வருகிறது. கூகுள் எர்த்தில் அளந்தால் சரியாக இருக்கிறது. இங்கே மட்டும் திரை ஜெயித்துவிட்டதா?
– வாசகர், கோத்தகிரி

நல்ல கவனிப்பு. நில அளவையில் தூரம் என்றால் மட்டமாக எடுத்த தூரம். நீங்கள் சரிவின் மேல் டேப்பைப் படுக்க வைத்து அளந்திருக்கிறீர்கள். 30 பாகைச் சரிவில் 100 மீட்டர் டேப் ஓடினால் மட்டத் தூரம் 86.6 மீட்டர்தான். மேலிருந்து பார்க்கும் படத்துக்கு அந்த மட்டத் தூரம் மட்டுமே தெரியும், அதனால் பொருந்துகிறது. சரிவில் அளக்கும்போது பத்துப் பத்து மீட்டராக, டேப்பை மட்டமாகப் பிடித்து, நுனியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, படி இறங்குவது போல இறங்க வேண்டும்.

டேப் நடுவில் தொங்கினாலும் கூடத்தான் காட்டும். 1802 ஏப்ரலில் பரங்கிமலையில் நில அளவையாளர் லாம்ப்டன் தன் அளவைக்கான அடிக்கோடு அளக்கத் தொடங்கியபோது, 100 அடி எஃகுச் சங்கிலி தொங்காமல் இருக்க மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயிலில் அது எவ்வளவு நீள்கிறது என்று வெப்பமானி வைத்துக் கழித்தார்கள். உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை, நடுவில் ஒரு ஆள் கையால் தாங்கினால் போதும்.

கூகுள் எர்த்தில் அளப்பதில் இன்னொரு பயனும் இருக்கிறது. செயற்கைக்கோள் படம் மொத்தமாக நகர்ந்திருந்தாலும், ஒரே படத்துக்குள் பக்கம் பக்கமாக உள்ள இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள தூரம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், ஏனென்றால் இரண்டும் சேர்ந்தே நகர்ந்திருக்கும். கிணற்று மூலையிலிருந்து பாலம் எவ்வளவு, பாலத்திலிருந்து வரப்பு முனை எவ்வளவு என்று அளந்து ஸ்கெட்ச்சோடு ஒப்பிட்டால் எந்தப் பக்கம் தேடலாம் என்று ஒரு வழி கிடைக்கும்.

தென்னந்தோப்பில் வரப்பே படத்தில் தெரியவில்லை.
– விவசாயி, பொள்ளாச்சி

தென்னை ஓலை வரப்புக்கு அந்தப் பக்கம் பல அடி நீண்டிருக்கும். படத்தில் எல்லை போலத் தெரிவது ஓலையின் விளிம்பு. வீடுகளிலும் இதே சிக்கல்தான்: தெரிவது கூரையின் விளிம்பு, சுவர் உள்ளே இருக்கிறது. படம் சாய்வாக எடுக்கப்பட்டிருந்தால் உயரமான கட்டடங்கள் ஒரு பக்கம் சரிந்து பக்கத்து மனையில் ஏறியது போலவும் தோன்றும். தோப்புக்குத் தரை அளவுதான் வழி.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். ஊரில் என் மனைக்குள் ஒருவர் சுவர் எழுப்பி, இருபது வருஷமாக இருக்கிறது என்கிறார். பழைய படங்கள் உதவுமா?
– வாசகர், துபாய்

மிக நன்றாக உதவும். என் அபிப்பிராயத்தில், வான்படங்களின் உண்மையான பலமே இங்கேதான் இருக்கிறது. எல்லை எந்த அடியில் என்று சொல்லத் தெரியாத படத்துக்கு, ஒரு சுவர் எந்த வருஷம் இல்லை என்று சொல்லத் தெரியும். கூகுள் எர்த்தில் பழைய படங்களைக் காட்டும் வசதி இருக்கிறது. வருஷம் வருஷமாக நகர்த்திப் பாருங்கள், ஒரு படத்தில் காலி மனை, அடுத்த படத்தில் சுவர். இரண்டு தேதிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் பழைய காலம் வேண்டுமென்றால், 1960-களில் கொரோனா என்ற அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் எடுத்த படங்களை அந்த அரசு 1995-இல் வெளியிட்டது. ஏரி, வண்டிப்பாதை, பெரிய வரப்பு போன்றவை அன்று எப்படி இருந்தன என்று பார்க்க அவை உதவும். சுவர் அளவுக்கு எதிர்பார்க்கக் கூடாது.

உங்கள் விஷயத்தில் தேதி முக்கியம். தனியார் நிலத்தை இன்னொருவர் பகிரங்கமாக, எதிர்ப்பாகத் தொடர்ந்து 12 வருஷம் அனுபவித்தால் எதிரிடை அனுபோகம் கோர இடமுண்டு. சுவருக்கு இருபது வயதா, ஆறு வயதா என்பதில் வழக்கே மாறிவிடும். திரையைப் படம் பிடித்து அச்செடுத்தால் மட்டும் நீதிமன்றத்தில் போதாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி மின்னணு ஆவணத்துக்கான சான்று வேண்டும். காலம் கடத்தாமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

ட்ரோன் வைத்து எடுத்துத் தருகிறேன், அங்குலம் பிசகாது என்கிறார் ஒருவர். நம்பலாமா?
– வாசகர், ஓசூர்

தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் வைப்பாரா என்று கேளுங்கள். தெரிந்த கற்களின் மேல் சுண்ணாம்பால் பெரிய பெருக்கல் குறி போட்டு, துல்லிய ஜி.பி.எஸ். கருவியால் அந்தப் புள்ளிகளை அளந்து, பிறகு பறக்கவிட்டால் சில சென்டிமீட்டருக்குள் வரும். அது இல்லாமல் எடுத்தால் படம் அழகாக இருக்கும், இடம் சில மீட்டர் தள்ளியிருக்கும். இரண்டு வகையிலும் அந்தப் படம் காட்டுவது இன்று யார் எதுவரை அனுபவிக்கிறார்கள் என்பதைத்தான்.

பத்திரத்தில் 1 ஏக்கர் 20 சென்ட். பட்டாவில் 46.50 ஏர். எது சரி?
– வாசகர், சங்கரன்கோவில்

46.50 ஏர் என்பது 1 ஏக்கர் 15 சென்ட். 5 சென்ட் குறைகிறது. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். காலத்தில் பதிவேடுகளைத் திருத்தியபோது பெயரிலும் பரப்பிலும் பிழை நேர்ந்த இடங்கள் உண்டு, அதைத் திருத்த வருவாய்த்துறையில் மனு கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன் பத்திரத்தின் நான்கெல்லையைப் படியுங்கள். நான்கெல்லை தெளிவாக இருந்து பரப்பு மட்டும் முரண்பட்டால், பொதுவாக நீதிமன்றங்கள் நான்கெல்லைக்கே முதலிடம் தரும். எழுதியவர் பரப்பை உத்தேசமாக எழுதியிருப்பார், பக்கத்தில் யார் நிலம் என்பதில் உத்தேசம் இருக்காது. எல்லைக்குள் நிலம் முழுதாக இருந்தால், 5 சென்ட் தொலைந்து போனதாக எண்ண வேண்டாம்.

நகரத்தில் என் மனைக்கு ஆர்.எஸ். நம்பர் ஒன்று, டி.எஸ். நம்பர் ஒன்று. தளத்தில் தேடினால் வேறு யாருடைய இடமோ வருகிறது.
– வாசகி, வேலூர்

கிராமமாக இருந்தபோது போட்ட நம்பரைக் கொண்டு நகரப் பட்டியலில் தேடியிருக்கிறீர்கள். வார்டு, பிளாக், டி.எஸ். நம்பர் மூன்றும் சேர்ந்தால்தான் நகர மனைக்கு முகவரி. பழைய நம்பருக்குப் புதிய நம்பர் எது என்ற ஒப்பீட்டு விவரத்தை நகர நில அளவைப் பிரிவில் கேட்டு வாங்குங்கள்.

இரவோடு இரவாகக் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.
– வாசகர், செஞ்சி

குழியை மூடாதீர்கள், கல்லைத் தொடாதீர்கள். குழியையும் கல்லையும் அருகில் உள்ள மரம், கிணறு ஏதாவது ஒன்றையும் சேர்த்துப் படம் எடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடமும் காவல் நிலையத்திலும் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அரசு நட்ட எல்லைக்கல்லை நகர்த்துவது குற்றம்; முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 434, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 326-ஆம் பிரிவு. கல் போனாலும் புலப்படத்தில் அளவு இருக்கிறது, அதே இடத்தில் மறுபடி நட முடியும்.

சர்வேயரை எப்படிக் கூப்பிடுவது? பக்கத்து நிலத்துக்காரர் அன்றைக்கு வரவே மாட்டேன் என்கிறார்.
– வாசகர், நத்தம்

அத்துக் காட்டித் தரச் சொல்லி எஃப் லைன் மனு போட வேண்டும். இப்போது இணையத்திலேயே விண்ணப்பித்துக் கட்டணமும் கட்டலாம். பட்டா, பத்திர நகல், புலப்படம் மூன்றையும் தயாராக வையுங்கள். அக்கம்பக்கத்தாருக்கு முன்கூட்டியே அறிவிப்புப் போகும். போன பிறகும் அவர் வரவில்லை என்றால், அவர் வராததே அளவையை நிறுத்தக் காரணமாகாது. ஆனாலும் முந்தின நாள் நீங்கள் ஒரு தடவை நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். ஊர்ப் பெரியவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

அளக்கும்போது சர்வேயர் எந்தக் கல்லிலிருந்து தொடங்குகிறார் என்று கவனியுங்கள், கேளுங்கள், அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நிலத்துக் கல்லோடு நிறுத்தாமல், பக்கத்து நம்பரின் கல் ஒன்றையாவது சரிபார்த்த பிறகு அளந்தால் அந்த அளவைக்குப் பலம் அதிகம். முடிந்ததும் அவர் கையெழுத்திட்ட வரைபட நகலைக் கேட்டு வாங்குங்கள். அன்று சாயங்காலமே வேலிக்காரரைக் கூப்பிட வேண்டாம். பக்கத்து நிலத்துக்காரர் ஆட்சேபம் சொல்ல நினைத்தால் சொல்லட்டும். அவர் நீதிமன்றம் போனால், அங்கே வழக்கறிஞர் ஆணையர் ஒருவர் சர்வேயரோடு வந்து மறுபடி அளப்பார், உங்கள் கற்கள் அசையாமல் இருந்தால் அந்த அளவையும் இதே இடத்தில்தான் வந்து நிற்கும். ஒரு வாரம், பத்து நாள் போகட்டும், பிறகு வேலி போடுங்கள். அதையும் கல்லுக்கு ஓரடி உங்கள் பக்கம் தள்ளிப் போட்டால் கல்லைச் சுற்றிக் களையெடுக்க இரண்டு பேருக்கும் வழி இருக்கும்.